ஜீவாமிர்தம் குடும்பத்தார்

ஐ.டி. வேலையை உதறிவிட்டு, ஒரு கையில் குழந்தை, மறு கையில் ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’ புத்தகம் என்று திருவண்ணாமலைப் பக்கம் நிலம் வாங்கிக் குடியேறும் தம்பதிகளுக்கு இப்போது பஞ்சமில்லை. அதை எழுதிய ஃபுகுவோகா சொன்ன ‘எதுவும் செய்யாத வேளாண்மை’, ராத்திரி முழுக்கப் பல் முளைக்கும் பிள்ளையைத் தோளில் போட்டு நடந்தவனுக்கு வசதியான தத்துவம்தான்.

ஆனால் ஜீவாமிர்தம் என்ற இயற்கை உரக் கரைசல் சும்மா இருக்க விடாது. 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ பயறு மாவு, 2 கிலோ வெல்லம்.

“பிள்ளைக்கு இனிப்பே ஆகாதுன்னீங்க. டிரம்முக்கு மட்டும் ரெண்டு கிலோவா?” என்கிறாள் மனைவி. கணவர் வாய் திறக்காமல் கழியால் கலக்குகிறார், வலப்பக்கமாக மட்டும்.

மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டார். மயில் கிளறியது போக மிச்சத்தைக் காட்டுப்பன்றி அறுவடை செய்தது. “பூச்சி மருந்து அடிக்காத சரக்கு சார், ருசி கண்டுகிச்சு” என்றார் பக்கத்து நிலத்துப் பெரியவர், சிரிக்காமல்.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி வேறு, 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்த சொந்தக்காரர்கள் கால் வலியோடு வந்து திண்ணையில் சாய்கிறார்கள். கிளம்பும்போது மறக்காமல் ஒரு கேள்வி:

“ஆர்கானிக் கடலையாமே, ஒரு அஞ்சு கிலோ கட்டேன்?”