செங்காய்ப் படலம்: எல்லையோரப் பழவறுவல் குறித்த ஓர் ஆராய்ச்சி

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்து எல்லையோர ஊர்களில் ஏர் ஃப்ரையர் என்னும் பெட்டி புகுந்தபின் எழுந்த தத்துவச் சிக்கல் ஒன்றே ஒன்றுதான்: பழம் மொறுமொறுக்குமா? காய் மொறுமொறுக்கும் என்பதில் இங்கே எவருக்கும் ஐயமில்லை. பழம் இனிக்கும் என்பதிலும் ஐயமில்லை. இவ்விரு குணங்களும் ஒரே வில்லையில், அதுவும் எண்ணெய்ச் சட்டியின் துணையின்றி வெறுங்காற்றில், ஒன்றுகூடுமா என்பதே இக்கட்டுரை நுதலிய பொருள். கூடா என்பது நமது துணிபு. கூடினாற்போல ஒரு குறுகிய இடைநிலையில் மட்டும் தோன்றும். அந்த இடைநிலைக்கு எல்லை வகுப்பதே இம்முயற்சி.

எல்லை வகுப்பது என்று இந்தப் பக்கத்தில் வாய்விட்டுச் சொல்லிவிட்டால் பெரியவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். காரணம் உண்டு. 1953-ஆம் ஆண்டின் இறுதியில் அமைந்து 1955-இல் அறிக்கை தந்த மாநிலச் சீரமைப்பு ஆணையத்தின் முன் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட வட்டங்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. அன்றுமுதல் களியக்காவிளையில் தோளில் ஏற்றிய ஏத்தங்குலை, அதாவது நேந்திரங்குலை, இஞ்சிவிளையில் இறங்கும்போது வேறு மாநிலத்துக் குலை. ஆணையம் மொழியைப் பார்த்தது, மக்கள்தொகையைப் பார்த்தது, நீர்ப்பாசனத்தையும் பார்த்திருக்கும். விளவங்கோட்டில் காயாக வெட்டிய குலை பாறசாலையில் பழமாகிவிடுகிறதே, அது எந்த மாநிலத்துச் சரக்கு என்பதை மட்டும் பார்க்கவில்லை. அந்த விடுபாட்டை நிரப்ப எழுபது ஆண்டாக ஒருவரும் முன்வராததால் இந்தப் பொறுப்பு நம் தலையில் விழுந்தது.

முதலில் கருவி. நெதர்லாந்துக்காரரான ஃப்ரெட் வான் டெர் வெய் வகுத்த அமைப்பைக் கொண்டு 2010-இல் பெர்லின் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் ஏர் ஃப்ரையரை அறிமுகம் செய்தது. மேலே சூடேறும் கம்பிச்சுருள், அதன்மேல் ஒரு விசிறி, கீழே துளையிட்ட கூடை. விசிறி சூடான காற்றைக் கூடைக்குள் சுழற்றி அடிக்கும். ஆகவே இது பொரிக்கும் சட்டியல்ல, காற்றோட்டம் மிகுந்த சிறிய அடுப்பு. பெட்டியின் மேலட்டையில் அச்சிட்ட பெயரை நம்பி வாங்கியவர்கள் இதை ஒப்புக்கொள்ள மறுப்பர். பாறசாலைக்குத் தெற்கே ஒரு வீட்டுத் திண்ணையில் நடந்த விவாதத்தை இங்கே சான்றாகக் காட்டலாம்.

"மக்கா, இது பொரிச்ச சாதனமா, ஒணக்குன சாதனமா?"

"காத்துல பொரிச்சது அம்மச்சி."

"காத்துல பொரியுமாக்கும்? அப்பம் நம்ம மொட்டமாடில கெடக்க வத்தமொளவும் பொரிச்சதுதானா?"

மறுப்புக்கு இடமில்லாத வாதம். கொதிக்கும் எண்ணெய் வில்லையை எல்லாப் பக்கமும் அணைத்துக்கொண்டு வெப்பத்தை வேகமாக உள்ளே தள்ளும். நீர் ஆவியாகச் சீறி வெளியேற, அது விட்டுப்போன துளைகளில் எண்ணெய் குடியேறும். வாழைக்காய் வறுவலின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எண்ணெய் என்பது இதனால்தான். காற்றுக்கு அந்த வேகம் கிடையாது. நீரை மெல்ல உறிஞ்சி எடுக்கும், பதிலுக்கு ஒன்றையும் வைக்காது. எண்ணெய் சில நிமிடத்தில் முடிக்கும் காரியத்துக்குக் காற்று ஒரு மணி நேரமும் கேட்கும், இரண்டு மணி நேரமும் கேட்கும். அம்மச்சி சொன்னதே சரி. ஏர் ஃப்ரையரிலிருந்து வருவது வற்றலின் மரபில் பிறந்தது. வறுவலுக்கு அது ஒன்றுவிட்ட உறவு.

கருவியின் வேறொரு குணத்தையும் குறிக்க வேண்டும். வில்லை உலர உலர எடை குறையும், விசிறி அதே வேகத்தில் சுற்றும். கால்மணி நேரத்துக்குப் பிறகு உள்ளிருந்து படபடவென ஓசை கேட்டால் வில்லைகள் பறக்கத் தொடங்கிவிட்டன என்று பொருள். அவற்றுள் துணிச்சலானது மேலேறிக் கம்பிச்சுருளில் ஒட்டி, கரிந்து, வீடெங்கும் வாசம் பரப்பும். ஆகவே வில்லைகளின் மேல் ஒரு கம்பி வலைத் தட்டைக் கவிழ்த்து வைப்பது விதி. இவ்விதி சமையல் குறிப்புகளில் பெரும்பாலும் விடுபட்டிருக்கிறது. எழுதியவர்கள் பெட்டியை ஓடவிட்டு வேறு வேலை பார்க்கப் போயிருக்க வேண்டும்.

இனி கோட்பாடு. இங்கே சற்று நின்று பேசத்தான் வேண்டும்.

வாழைக்காயின் சதையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மாவுப்பொருள். சூடும் நீரிழப்பும் சேர்ந்தால் அந்த மாவு இறுகி நொறுங்கும் சுவராகிறது. மொறுமொறுப்பு என்பது இந்தச் சுவர் பல்லில் உடையும் ஓசை. காய் பழுக்கும்போது மாவு சர்க்கரையாக மாறிவிடுகிறது. சாதாரண வாழைப்பழத்தில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான் மாவு மிஞ்சும். அதாவது இனிப்பு வருவதே சுவரை இடித்துத்தான். மொறுமொறுப்பை விற்றுத்தான் பழம் இனிப்பை வாங்குகிறது. ஒரே பணத்தில் இரண்டு பொருளும் வேண்டும் என்று நாம் கேட்கிறோம்.

அற்றேல், சர்க்கரையே கண்ணாடிபோல் இறுகி நொறுங்காதோ, கடலை மிட்டாய் நொறுங்குகிறதே எனின், நொறுங்கும்; ஆனால் எந்தச் சர்க்கரை என்பது வினா. நீரற்ற சர்க்கரை ஒரு குறிப்பிட்ட வெப்பத்துக்குக் கீழே கண்ணாடி நிலையில் இருக்கும், மேலே பிசுபிசுக்கும். நாம் காப்பியில் போடும் சீனியாகிய சுக்ரோஸுக்கு அந்த எல்லை சுமார் 65 டிகிரி. குளுக்கோஸுக்கு 31. ஃப்ரக்டோஸுக்கோ வெறும் 5. பழத்தில் மூன்றும் கலந்திருக்கும், கொஞ்சம் ஈரம் மிஞ்சினாலும் எல்லை இன்னும் கீழே இறங்கும். ஆகையால்தான் பெட்டியிலிருந்து எடுத்த சூட்டில் பழவில்லை வளைந்து தொங்குகிறது, ஆறியதும் விறைத்து மடக்கென்று ஒடிகிறது, இடவப்பாதி மழைக்காற்று பட்டதும் மறுபடி தோலாகிவிடுகிறது. கண்ணாடி நிலைக்கு ஏற்ற தட்பவெப்பம் எதுவும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் இல்லை. இடவப்பாதி போனால் துலாவர்ஷம் வருகிறது.

சூட்டைக் கூட்டி ஈரத்தை முழுதாக விரட்டலாமே என்பது அடுத்த வாதம். விரட்டலாம். ஆனால் ஃப்ரக்டோஸ் 110 டிகிரி அளவிலேயே கருகும் பாதையில் காலெடுத்து வைக்கும். சர்க்கரையும் புரதமும் சூட்டில் கூடி நிறம் மாறுவதை 1912-இல் விவரித்த மையார் என்னும் பிரெஞ்சுக்காரரின் வினையும் கூடவே நடக்கும். ஓரம் கறுத்து, நடு பிசுபிசுத்து, தின்றவர் முகம் இரண்டுக்கும் நடுவில் நிற்கும்.

பழங்களைத் தனித்தனியே பார்க்குமிடத்து, ஆப்பிள் எளிதாக மொறுமொறுக்கிறது. குறிப்பு எழுதுவோர் அனைவரும் ஆப்பிளிலேயே நிற்பதற்கு அதுவே காரணம். ஆனால் நெய்யாற்றின்கரைப் பகுதியில் ஆப்பிள் என்பது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் பழம். அதை வீட்டில் நறுக்கி வறுவல் போடுவதைக் கண்டால் யாருக்கு என்ன உடம்புக்கு என்று கேட்டுவிடுவார்கள். கைதச்சக்கை, அதாவது அன்னாசி, நூற்றுக்கு 86 பங்கு நீர். ஒரு கிலோ சதையை உலர்த்தினால் ஒரு கையளவு மிஞ்சும், அதுவும் நார். மாம்பழம் தோலாகும், வறுவலாகாது.

பலாவை இந்த வட்டாரத்தில் அப்படிக் கடந்து செல்ல இயலாது. நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயில் வளாகத்தில் அம்மச்சிப் பிலாவு என்றொரு பழைய பலாமரத்தைக் காத்து வைத்திருக்கிறார்கள். 1729-இல் ஆட்சிக்கு வந்த மார்த்தாண்டவர்மா, அதற்கு முன் பகைவரிடமிருந்து தப்பி ஓடிய நாளில் அதன் பொந்தில் ஒளிந்தார் என்பது கதை. ஒரு பலாமரம் பொந்து விழாமல் நல்லபடியாக வளர்ந்திருந்தால் திருவிதாங்கூர் வரலாறே வேறாகியிருக்கும். 2018-இல் கேரளம் பலாவை மாநிலக் கனியாக அறிவித்தபோது இந்த மரத்தின் ஊழியத்தைக் கணக்கில் எடுத்தார்களா என்பது தனி ஆய்வுக்குரியது. நமக்கு வேண்டியது சுளை. கூழஞ்சக்கை உதவாது. வருக்கைச் சக்கையை, விளைந்து, ஆனால் பழுக்காத நிலையில் பிரித்து, சுளையை நீளவாட்டில் கீறினால் அதில் மாவும் இருக்கும், பழுப்பதற்கு முந்திய ஓர் இளம் இனிப்பும் இருக்கும். எண்ணெயில் போட்ட சக்கை வறுவலின் பெருமை அதுதான். ஏர் ஃப்ரையரிலும் அது மானத்தைக் காப்பாற்றுகிறது. ஆனால் சக்கை ஒன்றை வெட்டி முடித்துக் கையில் ஒட்டிய அரக்கைத் தேங்காயெண்ணெய் தேய்த்து எடுப்பதற்குள், எண்ணெய் மிச்சம் பிடிக்கும் நோக்கம் பாதி அடிபட்டுப் போகிறது.

முன்னோர் இச்சிக்கலை அறியாதவர் அல்லர். அவர்கள் கண்ட தீர்வு ஓணச் சாப்பாட்டு இலையின் இடப்பக்கத்து ஓரத்தில், உப்பேரிக்குப் பக்கத்தில் இருக்கிறது: சர்க்கரை வரட்டி. ஏத்தங்காயைத் தோல் சீவி, மஞ்சள் நீரில் இட்டுக் கறை நீக்கி, நீளவாட்டில் பிளந்து, கனமான துண்டுகளாக நறுக்கித் தேங்காயெண்ணெயில் நிதானமான தீயில் விடுவார்கள். அவசரப்பட்டால் வெளியே சிவந்து உள்ளே மெத்தென்று நிற்கும். கரண்டியால் அள்ளிப் போடும்போது கூழாங்கல் உருளும் ஓசை வந்தால் பதம். பிறகு வெல்லப்பாகு கம்பிப்பதம் வந்ததும் துண்டுகளைக் கொட்டிச் சுக்கு, சீரகம், ஏலப்பொடி தூவி, பாகு ஒவ்வொரு துண்டின்மேலும் வெள்ளைபூத்து உதிரியாகப் பிரியும்வரை கிளறிக்கொண்டே இருப்பார்கள். கை நோகும். இதில் உள்ள அரசியல் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். மொறுமொறுப்பு உள்ளே, இனிப்பு வெளியே. காயின் மாவு தன் பகுதியை ஆளும், வெல்லம் தன் பகுதியை ஆளும், ஒன்றின் நிர்வாகத்தில் மற்றொன்று தலையிடாது. பாகாகும் வெல்லத்தில் பெரும்பங்கு சுக்ரோஸ் ஆதலால் அது பழச் சர்க்கரையைப்போல எளிதில் இளகவும் செய்யாது. எல்லைத் தகராறு இல்லாத ஒரே எல்லை நாம் அறிந்தவரை இதுதான்.

ஆயினும் பெட்டி வாங்கியாயிற்று. அதற்கு ஒரு வேலை கொடுத்தாக வேண்டும். இங்கேதான் செங்காய் வருகிறது.

ஏத்தன் மற்ற வாழைகளைப்போல் பழுத்ததும் மாவைக் கைகழுவிவிடுவதில்லை. முழுப்பழத்திலும் கொஞ்சம் பிடித்து வைத்திருக்கும். தோலின் மேடுகள் மஞ்சளாகி, காம்பும் நுனியும் பச்சையாகவே நிற்கும் ஓரிரண்டு நாளில் அதனுள் மாவும் சர்க்கரையும் ஒரு தற்காலிக உடன்பாட்டில் இருக்கின்றன. அந்த நாளில் பிடிக்க வேண்டும். பனச்சமூடு சந்தையில் காயாக வாங்கிய குலை வீட்டில் தொங்கும்போது தினமும் பார்த்துக்கொண்டே இருப்பதைத் தவிர வேறு வழியில்லை. சீப்புக்குச் சீப்பு நாள் வேறுபடும். மேல் சீப்பு செங்காயாகும்போது கீழ்ச் சீப்பு காயாகவே இருக்கும். ஒரே குலைக்குள் இத்தனை எல்லை ஓடும் என்றால் ஆணையத்தின் மேல் நமக்கிருந்த கோபம் கொஞ்சம் தணிகிறது.

சீவும் கனம் இரண்டு மில்லிமீட்டர். இதில் கை நடுங்கினால் மெல்லியது கரியும்போது கனத்தது வேகும். மஞ்சளும் உப்பும் கலந்த நீரில் நனைத்துத் துணியில் ஒற்றி, தேங்காயெண்ணெயை விரலால் தொட்டுத் தடவி, ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்ப வேண்டும். எண்ணெயே தொடக்கூடாது என்போர் ஒரு சாரார் உளர். அவர்கள் தின்பது அட்டை. முதலில் 140 டிகிரி. வில்லையில் நீர் இருக்கும்வரை அதன் உடல்சூடு கொதிநிலையைத் தாண்டாது, ஆகவே கருகாது. ஓரம் நிறம் மாறத் தொடங்கினால் காவல் போய்விட்டது என்று அறிந்து 90-க்கு இறக்கி, மீதியை மெல்ல உலர்த்த வேண்டும். உள்ளேயே தொட்டுப் பார்த்து முடிவு சொல்லக்கூடாது. சூட்டில் எல்லாம் வளையும். ஒன்றை வெளியே எடுத்து ஆறவிட்டு ஒடித்துப் பார்ப்பதே தேர்வு. தேறியதும் தகரத்தில் அடைத்து மூடிவிட வேண்டும்.

செலவுக் கணக்கையும் விட்டுவிடலாகாது. பெட்டி 1500 வாட் என்றால் ஒரு மணி நேரம் முழுமூச்சாக ஓட ஒன்றரை யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 66 மணி நேர வறுவலுக்குப் போதும், பிரிட்ஜும் மின்விசிறியும் பங்கு கேளாவிட்டால். கேரளப் பக்கத்தில் எல்லா வீட்டுக்கும் அப்படியொரு சலுகை கிடையாது. எனவே பாறசாலைக்காரர் பெட்டியைக் களியக்காவிளையில் உள்ள மைத்துனர் வீட்டில் வைப்பதே பொருளியல் நியாயம். மைத்துனரின் கருத்து இவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை.

எஞ்சியது மட்டிப்பழம். கன்னியாகுமரி மாவட்டத்துக்கே உரியதென்று 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. கைக்குழந்தைக்கு ஊட்டுவார்கள், வாயில் வைத்தால் கரையும். அதில் மாவு என்று சொல்ல ஒன்றுமில்லை, மணம் மட்டும் உண்டு, அதுவும் முதல் ஐந்து நிமிடத்தில் விசிறிக் காற்றோடு அடுக்களைக்குப் போய்விடுகிறது. கூடையில் மிஞ்சுவதைச் சுரண்டி எடுக்கக் கத்தி வேண்டும். இப்படிச் செய்தவர் மீது நடவடிக்கை வேண்டும் என்பதில் எல்லையின் இருபுறமும் ஒரே கருத்துதான். பழம் விளைந்தது விளவங்கோட்டில், குற்றம் செய்தவர் பாறசாலைக்காரர், மின்சாரமோ மைத்துனருடையது. வழக்கைக் குழித்துறையில் போடுவதா, நெய்யாற்றின்கரையில் போடுவதா என்று கேட்க ஒரு வக்கீலிடம் போனதில், அவர் முதலில் வறுவலைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.