ஐந்து மூன்றான கணக்கு

கேள்வி: எயார்டெலை டயலொக் வாங்கிவிட்டதே, இனியாவது எங்கள் ஊரில் சிக்னல் ஒரு கோடு கூடுமா?
(வாசகர், வற்றாப்பளை)

பதில்: இரண்டு வீட்டார் சம்பந்தம் செய்தால் சொத்துச் சேரும், புதுவயல் முளைக்குமா? 2012இல் சன்டெல், 2024 ஜூனில் எயார்டெல் லங்கா என்று டயலொக் வாங்கி வளர்ந்தது. பிந்தியதற்குக் கொடுத்தது காசல்ல, தன் பங்குகளில் 10.355 சதவீதம். 2018இல் எடிசலாட்டை ஹட்ச் எடுத்தது. எடிசலாட்டும் எயார்டெலும் இப்படிக் கைமாற, ஆறே ஆண்டுகளில் நாட்டின் ஐந்து கைத்தொலைபேசி நிறுவனங்கள் மூன்றாயின. வாங்குபவர் குறிவைப்பது வாடிக்கையாளரையும் அலைவரிசையையும். அவை கைமாறுவதால் மட்டும் முல்லைத்தீவில் ஒரு கோபுரமும் எழும்பாது. "ஐந்து பேர் ஒரே நகரத்தில் ஐந்து கோபுரம் நடுவது வீண்செலவுதானே?" என்பீர்கள். உண்மைதான். அந்தச் செலவு மிச்சமானால் கிராமத்துக்கு வரலாம். பங்குதாரர் பையிலும் விழலாம். போட்டி குறைந்த சந்தையில் இரண்டாவது வழிதான் சுருக்கு. ஆகவே, இணைப்புக்குத் தலையாட்டும்போதே தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு கிராமக் கோபுரங்களையும் நிபந்தனையாக எழுதவேண்டும். நீங்கள் கேள்வி கேட்கவேண்டிய இடமும் அதுதான்.