தகரத்திணை

பாயிரம்

நிலத்தை ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பூ, பறவை, பறை, பண் என்று ஒதுக்கித் தந்த மரபு நம்முடையது. ஆனால் குறிஞ்சிக்கும் நெய்தலுக்கும் இடையே மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் எங்கே வரும் என்று ஒருவரும் சொல்லிவைக்கவில்லை. அச்சுவரின் மேல் வரிசையாக நிற்கும் தகர டப்பாக்களைப் பற்றியோ பேச்சே இல்லை. இக்குறை தீரவே இந்நூல். நூல் செய்வோர் கொள்ளும் மதம் ஏழு என்கிறது நன்னூல். அவற்றுள் மறுத்தல் எமக்குக் கைவந்தது. உடன்படல் சற்றே சிரமம்.

நுதலிய பொருள் இது: தின்றதும் ஊற்றியதும் பூசியதும் போக மிஞ்சிய தகர டப்பா, குப்பைக்கும் காயலான் கடைக்கும் போகாமல், செடி தாங்கும் தொட்டியாக உயர்வு பெறுவது.

வரலாற்றையும் சொல்லிவிடுவது முறை. உணவைத் தகரத்தில் அடைத்துக் காக்கும் முறைக்குப் பீட்டர் டுராண்ட் லண்டனில் காப்புரிமை பெற்றது 1810இல். பிரையன் டாங்கினும் ஜான் ஹாலும் பெர்மண்ட்சியில் தொழிற்சாலை வைத்து 1813இலிருந்து ராணுவத்துக்கும் கடற்படைக்கும் அடைத்துக் கொடுத்தார்கள். அடைக்கத் தெரிந்தவர்களுக்குத் திறக்கத் தெரியவில்லை. திறப்பானுக்கு எஸ்ரா வார்னர் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது 1858இல்தான். இடைப்பட்ட காலத்தில் சிப்பாய்கள் உளியையும் சுத்தியலையும் வைத்து உடைத்தே சாப்பிட்டார்கள். இன்று மாடித்தோட்டக்காரர் கையில் இருப்பதும் அதே சுத்தியல்தான். அடி மட்டும் மேல்பக்கத்திலிருந்து கீழ்ப்பக்கத்துக்கு மாறியிருக்கிறது.

பிறப்பியல்

டின்னை உருவத்தால் வகுப்பாரும் உளர். கொள்ளளவால் வகுப்பாரும் உளர். அது பொருந்தாது. எந்த அறையில் காலியானதோ அந்த அறையே அதன் குலம்.

முதற்குலம் சமையற்கட்டு. இதன் தலைமகன், பதினைந்து கிலோ எண்ணெய் டின். இதற்கு மூதாதை நான்கு கேலன் மண்ணெண்ணெய் டின். ஏறத்தாழ 18 லிட்டர் பிடிக்கும். பர்மா ஷெல் காலத்து வீடுகளில் தண்ணீர் சுமந்ததும், அரிசி காத்ததும், மாட்டுக்குக் கழுநீர் வைத்ததும், கடைசியில் கனகாம்பரம் தாங்கியதும் அதுவே. எண்ணெய் டின்னுக்கு இரு நிலை உண்டு. நின்ற நிலையில் மேல்மூடியை வெட்டினால் தக்காளிக்கும் கத்திரிக்கும் ஆகும். கிடந்த நிலையில் ஒரு பக்கத்தை வெட்டினால் நீண்ட பாத்தி. சிறுகீரையும் வெந்தயக்கீரையும் தூவலாம். வெட்டிய விளிம்பைக் குறட்டால் உள்பக்கம் மடித்து, சுத்தியலால் தட்டிப் பதிக்க வேண்டும். மடிக்காதவர் வீட்டில் கீரை பறிக்கப் போன கை கட்டோடு திரும்பும்.

இக்குலத்தில் டால்டா டப்பாவைத் தனியே சொல்ல வேண்டும். 1937இல் சந்தைக்கு வந்தது. மஞ்சள் தகரம், அதன் மேல் பச்சைப் பனைமரம். உள்ளே இருந்த வனஸ்பதியைப் பற்றி ஊருக்கு ஆயிரம் அபிப்பிராயம் இருந்தது. டப்பாவைப் பற்றி ஒரே அபிப்பிராயம்தான். முற்றத்தில் துளசி, கொல்லையில் ஓமவல்லி, கழிப்பறை வாசலில் தண்ணீர் என மூன்று உலகங்களிலும் அது சஞ்சரித்தது. மரத்தைப் படமாகச் சுமந்தும் அதில் எந்த மரமும் வளர்ந்ததில்லை. கறிவேப்பிலைக் கன்று வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வேர் ஆழம் கேட்கும், டப்பா இல்லை என்று சொல்லும், கன்று முழ உயரத்தில் முனிவர்போல் நின்றுவிடும்.

இரண்டாம் குலம் தொட்டிலடி. லாக்டோஜென், அமுல் ஸ்ப்ரே முதலான பால்மாவு டின்கள். இவற்றின் சிறப்பு, அழுத்திப் பொருந்தும் பிளாஸ்டிக் மூடி. அதைக் கழற்றி அடியில் வைத்தால் தட்டாகிவிடும். வேறெந்தக் குலத்துக்கும் கூடவே தட்டும் பிறப்பதில்லை. வீட்டில் இரண்டாவது குழந்தை பிறந்தால் ஜன்னலோரம் புதினா வரிசை நீளும் என்பது இவ்வகையின் உரிப்பொருள். இப்போது அட்டைப்பெட்டிக்குள் உறை வைத்து விற்கிறார்கள். ஆதலால் இக்குலம் அருகி வருகிறது.

மூன்றாவது, விருந்தின் வழியே வருவது. ரசகுல்லா டின், குலாப்ஜாமூன் டின், மில்க்மெய்ட் டின். திறப்பானால் அறுபட்டுத் திறந்ததால் வாய் கூர்மையானது; உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகே தொடத்தக்கது. உடல் சிறிது. ஆகையால் பத்துமணிப்பூவுக்கும் சின்னக் கற்றாழைக்கும் மேல் ஆசைப்படலாகாது. யாழ்ப்பாணத்து வீடுகளில் ரின்மீன் பேணியும் ரின்பால் பேணியும் இந்த இடத்தை நிரப்பும். மீன் பேணியைச் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவாவிட்டால் செடிக்கு முன் பூனை வந்துவிடும்.

நான்காவது பெயின்ட் டப்பா. கம்பிக் கைப்பிடி இருப்பதால் தொங்குவதற்கென்றே பிறந்ததுபோல் தோன்றும். இதில் பூச்செடி மட்டுமே வைக்கலாம். பழைய எனாமல் பெயின்ட்களில் ஈயம் கலந்திருந்தது; கீரையும் புதினாவும் வைத்து அதைச் சட்னியில் சேர்க்க வேண்டாம். இவ்விடத்தில் நூலாசிரியர் நகைச்சுவையைத் தவிர்க்கிறார்.

பொருளியல்

வெளிப்பார்வைக்கு எல்லாம் தகரம். உள்ளே மூன்று. வெள்ளீயம் மெல்லிசாகப் பூசிய எஃகு ஒன்று. நம் டின்களில் பெரும்பாலானவை இதுவே. துத்தநாகம் பூசியது இரண்டாவது, ஜி.ஐ. வாளி இவ்வகை. குளிர்பானம் வரும் அலுமினியக் கேன் மூன்றாவது. ஐயம் வந்தால் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்து வைத்துப் பார்க்கலாம். ஒட்டாதது அலுமினியம். அது துருப்பிடிக்காது. ஆனால் ஆடிக்காற்றில் கன்றோடும் மண்ணோடும் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.

துத்தநாகத்துக்கும் வெள்ளீயத்துக்கும் குணபேதம் பெரிது. கீறல் விழுந்தால் துத்தநாகம் தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கும். வெள்ளீயமோ கீறல் விழாதவரை போர்வை. விழுந்துவிட்டால் இரும்பை முன்னே தள்ளிவிட்டுத் தான் பின்னே நின்றுகொள்ளும். கீறிய இடத்தில் துரு விரைவது இதனால்தான். துளை போடுவதும் கீறல்தானே என்று மாணாக்கன் கேட்கலாம். ஆம். டின்னைத் தொட்டியாக்கும் செயலே அதன் ஆயுளைக் குறைக்கும் செயலும் ஆகும். இரண்டு மூன்று மழைக்காலம் தாங்கினால் அதுவே தீர்க்காயுசு.

துளையியல்

இந்நூலின் இதயம் இது. துளையில்லாத டின்னில் செடி நட்டவர் செடி வளர்ப்பவர் அல்லர், சேறு வளர்ப்பவர்.

துளை போடும் முறையில் இரு பள்ளிகள் உண்டு. அகத்துளையார், டின்னைப் பலகை மேல் நிறுத்தி, உள்ளே ஆணியை வைத்து வெளிநோக்கி அடிப்பர். பிசிறு வெளியே நீளும். தண்ணீர் தங்கு தடையின்றி இறங்கும். ஆனால் டின் ஆடும், தரையைக் கீறும். புறத்துளையார், டின்னைக் கவிழ்த்து வெளியிலிருந்து உள்நோக்கி அடிப்பர். அடி தட்டையாக இருக்கும். ஆனால் உள்ளே ஒவ்வொரு துளைக்கும் ஒரு சின்ன வரப்பு எழும்பி, அந்த வரப்பளவு தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்கும். இரு பள்ளியாரும் ஒருவர் வீட்டுச் செடியை ஒருவர் குறை சொல்லியே காலம் கழிக்கின்றனர்.

எம் துணிபு: டின் அகலமாகவும் குள்ளமாகவும் இருந்தால் அகத்துளை; பிசிறைக் கடைசியில் சுத்தியலால் தட்டிவிட்டால் ஆட்டம் நிற்கும். டின் உயரமாக இருந்தால் சுத்தியல் உள்ளே வீசாது, ஆகவே புறத்துளையே கதி. அப்போது அடிவிளிம்புக்கு அரை அங்குலம் மேலே பக்கச்சுவரில் இரண்டு துளை கூடுதலாகப் போட்டுவிட வேண்டும். தகடு நசுங்காமலிருக்க, உள்ளே மரக்கட்டை ஒன்றை நட்டுவைத்து அதன்மேல் டின்னைக் கவிழ்த்து அடிப்பது தச்சர் வழி. தண்ணீர் நிரப்பி ஃப்ரீசரில் கட்டியாக உறையவைத்து அடிப்பது இளையோர் வழி. இரண்டும் நன்று. இரண்டாவதற்கு மாமியாரின் அனுமதி தேவை.

உள்ளங்கை அகல டின்னுக்கு ஐந்தாறு துளை போதும். அடியில் ஒரு சாண் கருங்கல் ஜல்லி கொட்டினால் வடிகால் பெருகும் என்று சிலர் சொல்லுவர். பெருகாது, வேருக்கான இடம்தான் சிறுகும். மண் ஒழுகாமலிருக்கத் துளை மேல் ஓர் ஓட்டுச்சில்லோ, ஒரு பிடி தேங்காய் நாரோ போதும்.

துளைக்கு இன்னொரு நியாயமும் உண்டு. மாடியில் மூலைக்கு மூலை கிடக்கும் வெற்று டின்களில் மழைநீர் நின்றால் அங்கே குடியேறுவது ஏடிஸ் கொசு. முட்டை முதல் பறக்கும் கொசு வரை ஒரு வாரம், பத்து நாளில் முடிந்துவிடும். முட்டைகளைத் தண்ணீருக்குச் சற்று மேலே டின்னின் சுவரில் ஒட்டிவைக்கும். தண்ணீர் வற்றினாலும் அவை மாதக்கணக்கில் காத்திருக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, சுவரைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். தட்டிலும் இதே விதி. மாநகராட்சிக் கொசு ஒழிப்புப் பணியாளர் மாடியேறி வரும்போது முதலில் குனிந்து பார்ப்பது டின்னைத்தான், பூவை அல்ல.

வெப்பவியல்

புல்லுக்கும் மரத்துக்கும் தொடுவுணர்வாகிய ஓரறிவே உண்டு என்பது தொல்காப்பியர் வகுப்பு. கத்திரி வெயிலில் தகரத்துக்குள் நிற்கும் புதினாவுக்கு அந்த ஒன்றே அதிகம். மண்சட்டி வியர்த்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். தகரம் வியர்க்காது. மேற்கு வெயில் படும் பக்கத்து வேர் வெந்துபோய், செடி ஒருபக்கமாகவே காயும். பரிகாரம் எளிது. வெளியே சுண்ணாம்பு அடிக்கலாம். அல்லது ஈரச்சாக்கைச் சுற்றலாம். அல்லது சின்ன டின்னைப் பெரிய டின்னுக்குள் இறக்கி இடைவெளியில் தென்னை நார்க்கழிவைத் திணிக்கலாம். மூன்றாவதே சிறந்தது, செய்பவர்கள்தாம் குறைவு.

அணியியல்

அணி நான்கு. அவற்றுள் இயல்பணியாவது ஒட்டிய படத்தையும் எழுத்தையும் அப்படியே விட்டுவைப்பது. மிச்சப்பூச்சணியாவது கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பெயின்டை அடிப்பது. ஒரு வீட்டின் டின்களைப் பார்த்தே அதன் கேட் முன்னாளில் என்ன நிறத்தில் இருந்தது என்று சொல்லிவிடலாம். தொல்லியலாருக்கு இது பயன்படும். சுற்றணி, சணல் கயிறோ பழைய பட்டுப்புடவைக் கரையோ சுற்றி ஒட்டுவது. முதல் மழையில் பசை விட்டு, டின் வேட்டி அவிழ்ந்தவர்போல் நிற்கும். எழுத்தணி, வெள்ளை அடித்து அதன்மேல் ‘ஹோம்’, ‘லவ்’, ‘ஹேப்பி’ என்று தீட்டுவது. செடிக்குப் படிக்கத் தெரியாதது நல்லதாயிற்று.

மிச்சப்பூச்சணியே எம் தேர்வு. ஆனால் நேரே பூசக் கூடாது. உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கை, அது காய்ந்த பின் எனாமல் இரண்டு கை. துளையின் ஓரத்துக்கும் அடித் தையலுக்கும் மறவாமல் பிரைமர் தடவ வேண்டும். துரு புறப்படுவது அங்கிருந்துதான். முகத்துக்கு மட்டும் பவுடர் போட்டுப் பயனில்லை.

பழைய டின்போல் தோன்றும்படி புதிதாகவே செய்து, துருவையும் வரைந்து, நூற்றுக்கணக்கான ரூபாய்க்கு விற்கும் தொட்டிகளும் வந்துவிட்டன. ஒன்றும் காலியாகாமல் பிறந்தவை ஆதலால் அவற்றுக்குக் குலமில்லை. இந்நூல் அவற்றை ஏற்பதில்லை.

இறுதியியல்

டின் தொட்டியின் வாழ்வு, ஒரு சிறு வாக்குவாதத்தில் தொடங்கி ஒரு பெரு வாக்குவாதத்தில் முடியும். தொடக்கம் இவ்வாறு: “அத்தை, இந்த எண்ணெய் டின்னைக் காயலான் கடைக்குப் போட்டுரட்டுமா?” “இருக்கட்டும்மா, ரோஜாப் பதியன் வைக்கலாம்.” முடிவு வீட்டுக்காரரோடு நடக்கும். ஏனெனில் அடி துருவேறிய டின், தளத்தில் வட்டமாகவோ சதுரமாகவோ ஒரு செங்காவி முத்திரையைப் பதித்துவிடும். எந்தப் பொடி போட்டுத் தேய்த்தாலும் லேசில் போகாது. வாடகை வீட்டார் இரண்டு செங்கல் மேல் டின்னை வைத்தால் அட்வான்ஸ் முழுதாகத் திரும்பும் வாய்ப்பு உண்டு. காற்றும் அடியில் ஓடும்.

அடி இற்றுவிட்ட டின்னை வைத்துக்கொண்டு உருகவும் வேண்டாம். முன்னாளில் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தார்கள். இப்போது எடைக்குக் காசு தருகிறார்கள். எஃகை எத்தனை முறையும் உருக்கி வார்க்கலாம். செடியை வேர்மண்ணோடு அடுத்த டின்னுக்கு மாற்றிவிட்டுப் பழையதைப் போட்டுவிடுவதே முறை.

புறனடை

பாதியாக அறுத்த பிளாஸ்டிக் எண்ணெய்க் கேன், பெயின்ட் பக்கெட், குரோபேக் முதலியன இங்கே விலக்கப்பட்டன. வெயிலில் நொறுங்கித் துகளாகும் பொருளைத் தகரத்தோடு ஒரு வரிசையில் வைக்க மனம் வரவில்லை. அவற்றுக்கு வேறு யாராவது நூல் செய்யட்டும்.

இங்கே சொல்லாதனவும் சொன்னவற்றின் வழியே கொள்ளத்தக்கன. ஆடிப்பட்டத்துக்கு விதை வாங்கப் போகுமுன் உங்கள் மாடியில் நிற்கும் டின்களை ஒருமுறை சாய்த்துப் பாருங்கள். அடியில் துளை இல்லாதது எந்தக் குலத்தில் பிறந்திருந்தாலும், எந்த அணி பூண்டிருந்தாலும், அது தொட்டியன்று. இன்றே ஆணியை எடுங்கள்.