ஒரே நாவலில் பருவநிலை நிபுணர் ஆவது எப்படி?

காரைக்காலை விட்டு நகராமல், டீ ஆறுவதற்குள் விஞ்ஞானிகளை மடக்கலாம். படிகள் எளியவை, பாதியை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள்.

1. மைக்கேல் கிரைட்டன் 2004-இல் எழுதிய ‘ஸ்டேட் ஆஃப் ஃபியர்’ நாவலை வாங்குங்கள். ‘ஜுராசிக் பார்க்’ எழுதியவர்தான். டைனோசரை நம்பவில்லையா? பரவாயில்லை, இதை நம்புங்கள்.

2. கதையில் சுற்றுச்சூழல் தீவிரவாதிகள் செயற்கைச் சுனாமியைக் கிளப்பிவிடப் பார்க்கிறார்கள். வில்லன் அகப்பட்டான், ஆகவே புவி வெப்பமடைதல் பொய். நடுவில் கேள்வி கேட்காதீர்கள்.

3. அடிக்குறிப்புகளையும் வரைபடங்களையும் எல்லோருக்கும் காட்டுங்கள். ஆனால் காற்றில் கரியமில வாயு கூடுகிறது, அதற்கு மனிதர்களே காரணமாக இருக்கலாம் என்று நூலின் முடிவில் அவரே ஒப்புக்கொள்கிறார். அந்தப் பக்கத்தைப் பசை போட்டு ஒட்டிவிடுங்கள்.

4. சந்தேகப்படுகிறவர்களிடம் சான்றிதழ்களை நீட்டுங்கள். 2005-இல் அமெரிக்க செனட் குழு அவரைச் சாட்சி சொல்ல அழைத்தது. 2006-இல் அமெரிக்கப் பெட்ரோலிய நிலவியலாளர் சங்கம் இந்தக் கற்பனைக் கதைக்கு இதழியல் விருது கொடுத்தது. சொல்லும்போது சிரித்துவிடாதீர்கள்.

5. நீங்கள் எதிர் அணியா? நூல் வெளிவந்த அதே டிசம்பரில், 26-ஆம் தேதி, காரைக்கால் கடலோரக் கிளிஞ்சல்மேட்டைச் சூறையாடிய சுனாமிக்கும் புவி வெப்பம்தான் காரணம் என்று அடித்துவிடுங்கள். சுமத்ரா அருகே கடலடியில் நிலநடுக்கம் என்று யாராவது தொடங்கினால், குரலை உயர்த்துங்கள்.

6. பட்டினச்சேரியில் வலை சீர்செய்துகொண்டிருப்பவரிடம், “கரை முன்ன எங்கண்ணே இருந்துச்சு?” என்று கேட்டுத் தொலைக்காதீர்கள். கடலுக்குள் கை காட்டிவிடுவார். அப்புறம் அலைத்தடுப்புச் சுவரா, ஆற்றுமணல் வராததா, கடல்மட்டமா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் அளவெடுக்க வேண்டும். அளவெடுத்தால் த்ரில் போச்சு.

7. திருநள்ளாறு வயலில் பயிர் கருகினால் காவிரி நீர் விடாத கர்நாடகம், மூழ்கினால் வடிகால். இரண்டிலும் உண்மை உண்டு, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வானத்தை மட்டும் இழுக்காதீர்கள்.

8. கடல் ஓர் அங்குலமும் ஏறாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்திருங்கள். நம்பிக்கை வேறு, பத்திரப்பதிவு வேறு: மனை வாங்கும்போது மட்டும் கடலைவிட்டுத் தள்ளி, நல்ல மேட்டு நிலமாகப் பாருங்கள்.