இரவலும் துருவும்: ஒரு பூர்வாங்க ஆய்வு

இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்ற கேள்விக்கு வேதியியல் பாடநூல் ஒரே வரியில் பதில் சொல்லி முடித்துவிடுகிறது: இரும்பு, ஆக்சிஜன், ஈரம். பதில் சரிதான், ஆனால் பாதிப் பதில். ஒரே தெருவில், ஒரே காற்றில், ஒரே ஐப்பசி அடைமழையில் ஒரு வீட்டுச் சுத்தியல் பளிச்சென்று இருக்க, அடுத்த வீட்டுச் சுத்தியல் அப்போதுதான் தோண்டியெடுத்த சேப்பங்கிழங்கு மாதிரிக் கிடப்பது ஏன் என்று அந்த வரியைக் கேட்டால் அது வாய் திறப்பதில்லை. இரண்டு வீட்டையும் ஒப்பிட்டு ஆராய்கிறவருக்குப் பாடநூல் விட்டுவிட்ட நான்காவது காரணி ஒன்று தட்டுப்படும். அதன் பெயர் இரவல். கைமாறிக்கொண்டிருக்கும் கருவியைத் துரு அண்டுவதில்லை. டூல் பாக்ஸில் பூட்டிப் பரணில் ஏற்றிய கருவியைத்தான் அண்டுகிறது. ஆகவே துருநீக்கிகளில் தலையாயவர் பக்கத்து வீட்டுக்காரர். இதுவே இக்கட்டுரை நிறுவ முற்படும் கோட்பாடு.

முதல் சான்று ஊரறிந்தது. வண்டி ஓடும் தண்டவாளத்தின் மேல்முகம் வெள்ளியாக மின்னும். அதே தண்டவாளத்தின் பக்கவாட்டு செந்துருவேறிக் கிடக்கும். ஒரே எஃகு, ஒரே மழை, ஒரே வெயில். வித்தியாசம் சக்கரம் படுகிறதா இல்லையா என்பது மட்டும். எப்போதாவது ஒரு சரக்கு வண்டி எட்டிப் பார்க்கும் சைடிங்கில் மேல்முகமும் துருவேறிவிடும். இதை ரயில்வே விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு தண்டவாளத்திலிருந்து சக்கரம், அச்சு வழியாக மறு தண்டவாளத்துக்கு மின்சாரம் கடப்பதை வைத்துத்தான் டிராக் சர்க்யூட் அங்கே வண்டி இருப்பதைக் கண்டுகொள்கிறது. துருப்படலம் குறுக்கே நின்றால், கண்ணெதிரே நிற்கும் வண்டியையும் சிக்னல் இல்லையென்று சொல்லிவிடக்கூடும். வீட்டுக்குள் வந்தால் அரிவாள்மணை இதையே சொல்கிறது. காய் நறுக்கும் விளிம்பு மின்னும், முதுகு கறுத்திருக்கும். தினமும் அடுப்பேறும் தோசைக்கல்லில் எண்ணெய் சூட்டில் இறுகிக் கருந்தோலாகப் படிந்துவிடுவதால் ஈரம் இரும்பைத் தொட முடிவதில்லை. சீர்வரிசையில் வந்து ஒருநாளும் அடுப்பைப் பார்க்காத கல்லுக்கு அந்தத் தோல் வாய்ப்பதில்லை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். இவையெல்லாம் பயன்பாட்டுக்குச் சான்று, இரவலுக்கு எப்படிச் சான்றாகும்? உரியவரே எடுத்துப் புழங்கினால் போதாதா? போதாது, கணக்கு இடம் கொடுக்காது. ஒரு வீட்டில் பைப் ரெஞ்சுக்கு வேலை வருவது அபூர்வம். ஆனால் ஒரு தெருவை எடுத்துக்கொண்டால், ஏதாவது ஒரு வீட்டில் ஏதாவது ஒரு குழாய் எந்நேரமும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. தனி வீட்டுக்கு வாங்கிய பைப் ரெஞ்சு, இயற்கையில் தெருவுக்கென்று பிறந்தது. அதன் தாடையை ஏற்றி இறக்கும் சொரசொரப்பான திருகுவளையத்தைப் பாருங்கள்: துரு முதலில் குடியேறுவது அந்தப் புரிகளுக்குள்தான். துருவுக்குத் தான் தின்ற இரும்பைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் இடம் வேண்டும். இடுக்கில் பிறந்தால் இடுக்கையே நெரிக்கும். வளையம் இறுகி, தாடை நின்ற இடத்திலேயே நின்றுவிடும். வாரம் ஒருமுறை வேறு வேறு கைகள் அதை உருட்டியிருந்தால் துருவுக்குக் குடியேற நேரம் கிடைத்திருக்காது.

எதிர்த்தரப்பின் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் டில்லி மெஹ்ரோலியில் நிற்கும் இரும்புத் தூண். 7 மீட்டருக்கும் கூடுதலான உயரம், ஏறத்தாழ 1600 ஆண்டு வயது; யாரும் அதை எடுத்து ஒரு ஆணி அடித்ததில்லை; ஆனாலும் அது துருப்பிடித்து உதிரவில்லை. கான்பூர் ஐஐடியில் பணியாற்றிய ஆர்.பாலசுப்ரமணியம் இதற்குத் தெளிவான விளக்கம் தந்திருக்கிறார்: அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம், அது மேற்பரப்பில் ஒரு பாஸ்பேட் படலமாகப் படிந்து கவசமாகிவிட்டது. அதோடு, தூணில் முதுகைச் சாய்த்துக் கைகளைப் பின்னால் கோக்க முடிந்தால் அதிர்ஷ்டம் என்று நம்பி மக்கள் கட்டிப்பிடித்ததில் அந்தக் கவசம் தேய்ந்ததால் 1997இல் வேலி போட வேண்டியதாயிற்று. ஆக, ஊரார் கை படுவது இரும்புக்குக் கேடு என்பார்கள். பாஸ்பரஸை மறுப்பதற்கில்லை. ஆனால் அதே பாலசுப்ரமணியமும் வேறு சிலரும் சொல்லும் இன்னொரு செய்தியைக் கவனிக்க வேண்டும்: அந்தத் தூண் முதலில் நின்ற இடம் டில்லி இல்லை, மத்தியப் பிரதேசத்து உதயகிரி, பிற்பாடு யாரோ எடுத்து வந்திருக்கிறார்கள். இன்றுவரை திருப்பிக் கொடுக்கவில்லை. நாட்டிலேயே புகழ்பெற்ற துருப்பிடிக்காத இரும்பு, வாங்கிப்போய்த் திருப்பித் தராத பொருளாகவும் இருப்பது தற்செயல் என்று தள்ளிவிடக்கூடியதா?

சரி, பிடித்த துருவை எடுக்கத்தான் ஆயிரம் வழி இருக்கிறதே, இதற்காக ஊருக்குக் கொடுப்பானேன் என்பது அடுத்த ஆட்சேபம். வழிகள் உண்மையில் வேலை செய்கின்றன. அதை மறைப்பது ஆய்வு நேர்மையாகாது. கடை வினிகரில் ஏறத்தாழ 4 சதவீதம் அசெட்டிக் அமிலம் இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிவிட்டு ஓர் இரவு அதில் ஊறப்போட்டால் துரு கரைந்தும் நெகிழ்ந்தும் கருஞ்சேறாக இறங்கும்; கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் மீதியும் போகும். எலுமிச்சை உப்பு என்று மளிகைக் கடையில் கொடுக்கும் சிட்ரிக் அமிலம் இன்னும் சுறுசுறுப்பு. புளி, டார்டாரிக் அமிலத்தால் பித்தளைக் குத்துவிளக்குக்குச் செய்யும் உபகாரத்தை ஸ்பேனருக்கும் செய்யும், கொஞ்சம் நிதானமாக. ஊறல் நீண்டுபோனால் அமிலம் துருவை முடித்துவிட்டு இரும்பையே தின்னத் தொடங்கும் என்பதால், இடையிடையே எடுத்துப் பார்ப்பது நல்லது. சிக்கல் இதற்குப் பிறகுதான். வெளியே எடுத்துக் கழுவிய இரும்பு கவசமே இல்லாத இரும்பு. துடைப்பதற்குத் துணி தேடிப் போய்வருவதற்குள் அதன்மேல் காவி நிறம் படரக்கூடும். சமையல் சோடாக் கரைசலில் முக்கி அமிலத்தை அடக்கி, ஈரம் போகத் துடைத்து, வெயிலில் காயவைத்து, சூடு ஆறுமுன் எண்ணெய் பூச வேண்டும். இத்தனையும் செய்து முடித்தவர் அந்த ஸ்பேனரை என்ன செய்கிறார்? நாளிதழில் சுற்றி மறுபடி பரணில் போடுகிறார். எண்ணெயை நாளிதழ் உறிஞ்சிக்கொள்ளும். மழைக்கால ஈரத்தையும் அதுவே இழுத்து வைத்துக்கொள்ளும்.

கொடுத்தால் திரும்பி வராதே என்ற ஆட்சேபம் உணர்ச்சிவசப்பட்டது. ஆய்வுக்கு அது எதிரானதும் அன்று. திரும்பி வராத கருவி, குறைந்தபட்சம் நம் வீட்டில் துருப்பிடிப்பதில்லை. மேலும் தமிழ்நாட்டில் இதற்கு ஆண்டுக்கொருமுறை முகம் கோணாமல் தீர்வு காண வழி இருக்கிறது. ஆயுத பூஜைக்கு முதல் நாள் போய், “பூஜைக்கு வைக்கணும்” என்று கேட்டால் எந்தச் சுத்தியலும் வீடு திரும்பிவிடும். வந்ததும் அதைக் கழுவி, ஈரச் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, பொரிகடலைக்குப் பக்கத்தில் ஒருநாள் முழுக்கச் சும்மா வைக்கிறோம். ஈரம், காற்று, ஓய்வு மூன்றும் ஒன்றுசேரும் இந்நாளைத் துருவின் நோக்கில் பார்த்தால் அதற்கும் விசேஷம்தான். மறுநாள் சந்தனத்தைத் துடைக்கச் சோம்பல்படும் வீடுகளில் பொட்டு வைத்த இடத்தில் வட்டமாகத் துருத் தழும்பு விழக்கூடும். அடுத்த வீட்டுக்காரர் காலையிலேயே வந்து கேட்டிருந்தால் அவர் கையாலேயே துடைக்கப்பட்டிருக்கும்.

அமிலமே வேண்டாம், மின்பகுப்பு இருக்கிறது என்போர் கடைசித் தரப்பு. முறை அருமையானது. பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் சலவை சோடாவைக் கரைத்து, துருப்பிடித்த கருவியை எதிர்முனையிலும் ஒரு பழைய இரும்புத் துண்டை நேர்முனையிலும் மாட்டி, ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிட்டு 12 வோல்ட் கொடுத்தால், நல்ல இரும்பைத் தொடாமல் துரு நெகிழ்ந்துவிடும். நேர்முனைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆகாது. நச்சுத்தன்மையுள்ள குரோமியம் கரைந்து வரும். ஹைட்ரஜன் கொப்புளிக்கும் என்பதால் காற்றோட்டமான இடமும், பக்கத்தில் பீடி பற்றவைக்காத மனிதர்களும் தேவை. இவ்வளவும் கைவசம் உள்ள வீட்டிலும் ஒன்று மட்டும் இருக்காது: பேட்டரி சார்ஜர். அது தெருக்கோடியில் வேன் வைத்திருப்பவரிடம் இருக்கும். போய்க் கேட்டால் தாராளமாக எடுத்துக் கொடுப்பார், கொடுக்கும்போதே, “உங்க வீட்ல அந்தப் பைப் ரெஞ்சு சும்மாத்தானே கெடக்கு?” என்றும் கேட்பார்.