மலை ஏறாத திருப்பதி

திருப்பதிக்கு ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று சித்தூரில் யாரிடமும் சொல்லிவிடக் கூடாது. தரிசனத்துக்குப் போகலாம், முடி இறக்கப் போகலாம், பெண் பார்க்கக்கூடப் போகலாம். சும்மா பார்க்க என்றால், "வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்பார்கள்.

யோசனை என் அக்கா மகனுடையது. ஒசாகாவில் வேலை, லீவில் வந்திருந்தான். அங்கே விடுமுறை நாளில் காலையில் ரயிலேறினால் ஹிமேஜியில் கோட்டை, மதியம் கோபேயில் சாப்பாடு, இருட்டுவதற்குள் கியோட்டோவில் கோயில், ராத்திரி வீடு. "இங்கயும் அப்படி ஒரு நாள் போலாம் மாமா" என்றான். சித்தூரிலிருந்து பாகாலா, சந்திரகிரி வழியாகத் திருப்பதி சுமார் 70 கிலோமீட்டர். புல்லட் ரயிலுக்குக் கால் மணி நேர வேலை.

2017இல் டோக்கியோ பக்கம் ஒரு ரயில் 20 விநாடி முன்னதாகக் கிளம்பிவிட்டதாம். அதற்காக அந்தக் கம்பெனி மன்னிப்புக் கேட்டதாம். "நம்ம பக்கம் அதெல்லாம் யாருக்குடா தெரியும்? வண்டி நகர்ந்த பிறகுதானே பாதி ஜனம் ஏறுது" என்றேன்.

சித்தூர் வழியாகப் போகும் காட்பாடி–திருப்பதி பாதை ஒற்றைத் தடம். இரட்டைப் பாதையாக்க 2025 ஏப்ரலில்தான் 1,332 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அது வந்து சேரும்வரை எதிரே ஒரு வண்டி வந்தால் ஏதாவது ஒன்று ஸ்டேஷனில் ஒதுங்கி நிற்க வேண்டியதுதான். எங்கள் வண்டி பாகாலாவில் ஒதுங்கியது. "கிராஸிங்" என்று யாரோ சொன்ன மறு நொடி டிபன் டப்பாக்கள் திறந்தன. ஜப்பானில் ஊருக்கு ஊர் ஸ்டேஷனில் எகிபென் என்று அலங்காரமான சாப்பாட்டுப் பெட்டி விற்பார்களாம், நல்ல விலையாம். எங்கள் எதிர் சீட்டு அம்மாள் இவனுக்கு நாலு இட்லியும் மல்லாட்டைச் சட்னியும் சும்மாவே கொடுத்தார். பதிலுக்கு இவன் சம்பளம், நட்சத்திரம், இன்னும் கல்யாணம் ஆகாததற்கான காரணம் மூன்றையும் வாங்கிக்கொண்டார். தமிழில் தொடங்கிய விசாரணை, அவருடைய தங்கை மகளிடம் வந்ததும் தெலுங்குக்கு மாறிவிட்டது. ஜப்பானில் ரயிலுக்குள் போன்கூடப் பேச மாட்டார்கள் என்று பிறகு என் காதில் சொன்னான். பாவம், அவர்களுக்கெல்லாம் எப்படித்தான் வரன் அமைகிறதோ!

சந்திரகிரியில் நாங்கள் பையை எடுத்ததும் பெட்டியே பதறியது. "இது திருப்பதி இல்லீங்க, உக்காருங்க!" கோட்டை பார்க்க இறங்குகிறோம் என்றபோது அந்த அம்மாள் தங்கை மகளைப் பற்றி மறுபரிசீலனை செய்வது முகத்தில் தெரிந்தது.

விஜயநகரத்தின் கடைசிக் காலத் தலைநகரங்களில் ஒன்று இந்தச் சந்திரகிரி. அந்த அரசுக்கு அடங்கிய நாயக்கர் 1639இல் கொடுத்த மானியத்தில்தான் பிரான்சிஸ் டே என்ற வெள்ளைக்காரர் மதராஸ் கடற்கரையில் இடம் பிடித்தார். நியாயமாகப் பார்த்தால் சென்னைக்காரர்கள் ஆண்டுக்கொரு முறை இங்கே வந்து வீட்டு வரி கட்ட வேண்டும். அவர்களோ ரேணிகுண்டா வழியாக வந்து நேரே மலையேறிவிடுகிறார்கள். ராஜ மகாலில் மூன்று மாடி. மரமே சேர்க்காமல் கல், செங்கல், சுண்ணாம்பில் கட்டியது. ஹிமேஜி கோட்டையோ உள்ளே முழுக்க மரம் என்றான் மருமகன். (ராஜ மகாலில் இருக்கும் மியூசியம் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும், பார்த்துப் போங்கள்.) பக்கத்தில் ராணி மகால். அது குதிரை லாயமாக இருந்திருக்கலாம் என்று சொல்வாரும் உண்டு. நல்லவேளை, கேட்டுக் கோபிக்க ராணி இல்லை.

அங்கிருந்து ஆட்டோ. "அலிபிரியா, பஸ் ஸ்டாண்டா?" கோவிந்தராஜர் கோயில் என்றேன். "சரி, அப்புறம் மலைக்கு?" மலைக்கு இல்லை என்றதும் ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டி எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

கோவிந்தராஜர் கோயில் ரயிலடிக்குப் பக்கம்தான். ராமானுஜர் பிரதிஷ்டை என்பார்கள். மேலே இருக்கும் தம்பி கல்யாணத்துக்குக் குபேரனிடம் வாங்கிய கடனுக்காகக் காணிக்கைப் பணத்தை அளந்து அளந்து களைத்து, மரக்காலையே தலைக்கு வைத்துப் படுத்துவிட்ட அண்ணன் இவர். அந்தக் கதையைச் சொன்னதும் மருமகன், "அந்த அம்மா நம்பர் வாங்கலியே மாமா?" என்று கவலையாகக் கேட்டான். கூட்டம் அதிகமில்லை. நின்று நிதானமாகச் சேவித்தோம்.

திரும்பும் வண்டியில் எனக்குத் தனி மரியாதை. காரணம் என் தலை. அது எங்கள் அப்பா வழிச் சொத்து, வேண்டுதல் அல்ல. ஆனால் திருப்பதியில் ஏறுகிறவனின் மொட்டைக்கு யாரும் ஆதாரம் கேட்பதில்லை. ஒருவர் எழுந்து ஜன்னலோரம் இடம் கொடுத்தார்.

"தரிசனம் நல்லபடியா ஆச்சுங்களா?"

"திவ்யமா ஆச்சு" என்றேன். பொய்யில்லையே.

"எவ்ளோ நேரம் ஆச்சு?"

"பத்து நிமிஷம்."

மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன. அவர் நெருங்கி உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

"லெட்டர் எம்.எல்.ஏ. கிட்டயா, மினிஸ்டர் கிட்டயா?"

சித்தூர் வருவதற்குள் பெட்டியில் பாதிப் பேர் என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார்கள்.