லயத்துக் கிட்டாரில் பாடபேதம்: டிக்கோயாவை முன்வைத்து ஓர் ஆய்வு

ஓலைச்சுவடிகளுக்கெல்லாம் பாடபேதம் பார்த்த தமிழுலகம், கிட்டாருக்கு அதைப் பார்க்காமல் விட்டது பெருங்குறை. அக்குறையைப் போக்க ஆய்வுக்களமாக மலையகத்து டிக்கோயா தேர்ந்தெடுக்கப்பட்டது. தோட்டத்து லயத்தில் இரண்டு வீட்டுக்கு ஒரே நடுச்சுவர் என்பதால் இங்கே யாரும் தனியாகப் பழக முடியாது. தந்தியைத் தொட்டதுமே மதிப்பீட்டுக் குழு கூடிவிடும். உறுப்பினர்களில் பலர் மலையிலிருந்து இறங்கி, காலை நீட்டி உட்கார்ந்திருப்பவர்கள். ஆகவே கண்டிப்பானவர்கள்.

ஆய்வுக்குரிய மூலநூல் ‘இளைய நிலா’. 1982இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தில் இளையராஜா இசையில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடியது. கிட்டார் வாங்கிய எந்தப் பையனும் முதலில் கை வைப்பது இதில்தான், கை சுட்டுக்கொள்வதும் இதில்தான். மூலத்தைப் பிரித்துப் பார்த்தால் அங்கேயே சிக்கல். திரையில் தெரிவது நடிகர் மோகனின் விரல், காதில் விழுவது சந்திரசேகர் என்ற கலைஞரின் விரல். இதனால் பார்த்துப் பழகியோர், கேட்டுப் பழகியோர் என இரு மரபுகள் தோன்றின. முதல் மரபினருக்குத் தோள் அசைவு அப்படியே வரும். பாட்டு வராது.

இரண்டாம் மரபினர் துல்லியவாதிகள். ஒருகாலத்தில் இவர்களுடைய வேதம் கேசட். கேசட் நாடா விநாடிக்கு 4.76 சென்ரிமீற்றர் வேகத்தில் ஓட வேண்டும். பற்றரி இறங்கி, வேகம் ஏறத்தாழ ஆறு வீதம் குறைந்தால் பாட்டு அரைச்சுரம் கீழே போய்விடும். சம்பளத்துக்கு முந்திய வாரத்தில் யாரும் பற்றரி மாற்றியதில்லை. எனவே தொங்கல் வீட்டில் ஒரு சுருதியும் நடு வீட்டில் இன்னொரு சுருதியும் கேட்டிருந்தால், இருவருமே துல்லியமாக வாசித்தார்கள் என்றே கொள்ள வேண்டும்.

போகட்டும், கருவியாவது சுத்தமா? மெட்டுக்கட்டைகள் பன்னிரண்டு அரைச்சுரங்களையும் சரிசமமாகப் பங்கு போடுகின்றன. ஓர் அரைச்சுரத்தை நூறு கூறாக்கினால், கிட்டாரின் அந்தர காந்தாரம் இயல்பான காந்தாரத்தைவிட 14 கூறு உயர்ந்து நிற்கும். பிழையைக் கடையிலேயே பூட்டித் தருகிறார்கள். பழகுபவன் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொள்கிறான்.

சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த தோட்டத்து நாட்டார் பாடல்களுக்கு இந்த மூலபாடத் தொல்லை இல்லை. அவ்வகைப் பாட்டில் தோட்டத்துக்குத் தோட்டம் அடி மாறும், மூலப்பதிவு எங்கே என்று யாரும் வழக்குப் போடுவதில்லை.

இனி எஃப் கோர்ட். ஆட்காட்டி விரலால் ஆறு தந்திகளையும் அமுக்க வேண்டும். டிக்கோயாக் குளிரில், விடிகாலையில், அது விரலுக்குச் செய்யும் கொடுமை. பல பையன்கள் அந்த இடத்தில் சத்தமில்லாமல் டி மைனரைப் போட்டுவிட்டு நழுவுகிறார்கள். துல்லியவாதிகள் இதைத் திருட்டு என்பர். ஆய்வாளர் உடன்படவில்லை. எஃப்பில் உள்ள மூன்று சுரங்களில் இரண்டு டி மைனரிலும் உண்டு, ஆக 66 வீதம் சரி. சாதாரண தரப் பரீட்சையில் அதற்குப் பி சித்தி தருகிறார்கள்.

அப்படியானால் மதிப்பீட்டுக் குழு எதைத்தான் மன்னிப்பதில்லை? முதல் நாலு வரியை வாசித்து, பிழை வந்ததும் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து தொடங்குவதை. துல்லியவாதி மாதக்கணக்கில் செய்வது இதைத்தான். ஒருநாள் நடுச்சுவருக்கு அப்பாலிருந்து அம்மாயி குரல் கொடுத்தார்: “தம்பி, தப்போ சரியோ, அந்தப் பாட்ட ஒருக்கா முடிச்சிருய்யா!” இசைக் கல்வி குறித்து இந்த ஆய்வில் கிடைத்த ஒரே முதன்மைச் சான்று இதுதான். சுரம் தவறினால் கேட்பவர் தம் மனசிலிருக்கும் பாட்டைக் கொண்டு அதை ஒட்டிக்கொள்வார். தாளம் நின்றுவிட்டால் ஒட்ட எதுவுமில்லை.

ஆகவே, கொழுந்து நிறுக்கும்போது தண்ணிக்கும் கூடைக்கும் கழிப்பதுபோல, பாட்டுக்கும் ஒரு கழிவு விதி முன்மொழியப்படுகிறது. தவறான கோர்ட்டுக்குக் கால் கிலோ. மறந்த வரியை வாயசைத்துச் சமாளித்தால் அரைக் கிலோ. நடுவில் நிறுத்தினால் அன்றைக்குப் பேரே இல்லை. திருத்தம் பார்ப்பது மறுநாள் வேலை, அதுவும் தடுக்கிய இடத்தை மட்டும், மெதுவாக.

விதியின் சோதனை தீபாவளி இரவில் நடந்தது. கூட்டம் சிலோன் மனோகரின் ‘சுராங்கனி’யைக் கேட்டது. பையன் தனக்கு ‘இளைய நிலா’ மட்டுந்தான் தெரியும் என்றான். “சரி, அதையே பைலாவில அடி” என்றார்கள். அடித்தான். ஆய்வாளருக்கு இது அறவே உடன்பாடில்லை. எனினும் அப்போது அவருடைய வலது கால் தட்டிக்கொண்டிருந்தது என்பதைப் பதிவுசெய்யுமாறு மதிப்பீட்டுக் குழு வற்புறுத்துகிறது.